கோட்டுப் பையில் ஓடிய கடிகாரம்

திங்கட்கிழமை, காலை 9.00. வட்டக்கானலில் வேலப்பனின் விடுதி. அங்கே வேலை பார்க்கும் சப்ரின் நடையில் மாட்டிவிட்டுப் போயிருந்த வேலைக்கோட்டுப் பைக்குள், மூன்று நாளாகக் காணாமல்போயிருந்த வேலப்பனின் கைக்கடிகாரம் அகப்பட்டது. எடுத்தது மேனேஜர் சிவமுருகன். அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பிய சப்ரின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

காலை 10.20. சப்ரினின் போன் வந்ததும், அவளுடைய சாச்சி, அதாவது சித்தி ஜாஹிதா, கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடையை அப்படியே பூட்டிப் போட்டுவிட்டு வந்து நின்றாள். வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று ஆள் படியேறும்போதே சொல்லிவிடுகிற கண் அவளுக்கு.

"பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேம்மா," என்றார் வேலப்பன்.

"கேஸுன்னு ஒண்ணு விழுந்தா இவ பாஸ்போர்ட் என்னாகும்ணே? நர்சிங் முடிச்ச புள்ள. அடுத்த மாசம் வெளிநாட்டு வேலைக்குப் பிளைட் ஏறணும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம்னுதான் உங்ககிட்ட வேலைக்கு வந்தா."

"பொருள் அவ கோட்டுலதானே இருந்துச்சு?"

ஜாஹிதா அழுவதற்காக வரவில்லை. "பொருளைக் காட்டுங்க," என்றாள்.

மேசைமேல் வெள்ளைத் துண்டில் கிடந்தது. சோவியத் காலத்துக் குரோனோகிராஃப், ஓட்ட நேரத்தையும் அளக்கிற கைக்கடிகாரம். பெரிய முகத்துக்குள் இரண்டு குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் பொத்தான்கள்.

"கோட்டுலேருந்து எடுத்து வெச்சதோட சரி, போலீஸ் வரட்டும்னு யாரும் கைவைக்கலை," என்றார் வேலப்பன். "மாஸ்கோ மிஷின். பேட்டரி கெடையாது. தினம் காலைல ஆறு மணிக்குச் சாவி குடுத்து, போனைப் பார்த்து நேரம் வெப்பேன். ஒருநாள் விட்டுட்டோம்னா அன்னிக்கு ராத்திரியே நின்னுரும்."

ஜாஹிதா குனிந்து பார்த்தாள். குட்டி வட்டத்தில் நொடிமுள் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மணி 10.37. தன் போனைப் பார்த்தாள். 10.25.

"எப்ப காணாமப் போச்சு?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் குளிக்கப் போறப்ப கழட்டி வெச்சேன். சப்ரின் ரெண்டு மணிக்கு ஊருக்குக் கெளம்பிட்டா. மூணு மணிக்குத் தேடுனா இல்ல. நேத்துதான் சொன்னேன், திங்கக்கிழமை எல்லார் பையையும் பார்க்கணும்னு."

"அடுக்கம் வழியா பெரியகுளத்துக்கு, எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துட்டா. இன்னிக்குக் காலைல வரைக்கும் என் பக்கத்துலதான் இருந்தா. கல்யாண வீடியோவே இருக்கு. இந்த மூணு நாளும் இங்க யாரெல்லாம்?"

"நான், சிவமுருகன், அப்புறம் சார்."

சார் என்பவர் திருமலைச்சாமி. கோயம்புத்தூர்க்காரர், பழைய கடிகாரங்கள் சேர்ப்பவர். வியாழக்கிழமை வந்தவர்; இப்போதைக்கு விடுதியில் ஒரே விருந்தாளி. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"லேசுப்பட்ட பொருளா அது! கேட்டேன், தரமாட்டேன்னுட்டார். அதோட விட்டுட்டேன்," என்றார்.

வரவேற்பு மேசையில் பிரம்புக் கூடை ஒன்றில் ஒரு போனும் ஒரு கைக்கடிகாரமும் கிடந்தன. "இது?"

"சாரோடதுக்கா," என்றான் சிவமுருகன். "நேரம் பார்க்காத விடுமுறைன்னு இங்க ஒரு திட்டம். வந்தவொடனே ரெண்டையும் வாங்கி வெச்சுருவோம். சாப்பாட்டு ஹால்ல ஒரு சொவத்துக் கடிகாரம் மட்டுந்தான்."

ஜாஹிதா ஹாலை எட்டிப் பார்த்தாள். பிறகு சிவமுருகனைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

காலை 10.45.

"அண்ணே, வெள்ளிக்கிழமை காலைல நீங்க சாவி குடுத்த வாட்சு சனிக்கிழமை ராத்திரியே நின்னுருக்கணும். இப்ப எப்படி ஓடுது?"

வேலப்பன் குனிந்து நொடிமுள்ளைப் பார்த்தார்.

"நின்னதுக்கப்புறம் யாரோ சாவி குடுத்து, நேரமும் வெச்சிருக்காங்க. நேத்து பூரா சப்ரின் பெரியகுளத்துல பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தா. அதுவும் பன்னெண்டு நிமிஷம் கூட்டி வெச்சிருக்காங்க. ஹால் கடிகாரமும் அதே பன்னெண்டு நிமிஷம் ஃபாஸ்ட். ஏன் தம்பி?"

"விருந்தாளிங்க பஸ்ஸை விட்டுட்டு எங்ககிட்ட சண்டைக்கு வர்றாங்கன்னு நாந்தான் கூட்டி வெச்சேன். அவங்ககிட்ட சொல்றதில்ல."

"உங்க ரெண்டு பேருக்கும் அது தெரியும். கையில போனும் இருக்கு. அதைப் பார்த்து நேரம் வெக்க உங்களுக்கென்ன கிறுக்கா? போனும் இல்லாம, கடிகாரம் ஃபாஸ்டுன்னும் தெரியாம..."

திருமலைச்சாமியின் தலை ஹால் பக்கம் திரும்பியது. "அது சரியான நேரம் இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது.

"நின்னுபோச்சும்மா," என்றார், தரையைப் பார்த்து. "பத்து வருஷமாத் தேடுன மிஷின். நின்னு கெடக்குறதைப் பார்க்க மனசு கேக்கலை. பையெல்லாம் பார்ப்பாங்கன்னதும் பயந்து, கையில பட்ட கோட்டுல போட்டுட்டேன்."

"மிஷின் நின்னா மனசு கேக்கலை. ஒரு பொம்பளப் புள்ளையோட வாழ்க்கை நின்னாப் பரவால்லையா சார்?"

அதுவரை தூணைப் பிடித்தபடி நின்றிருந்த சப்ரின், சாச்சியின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினாள். வேலப்பன் எழுந்து அவளருகே போய், "தப்பு எம்பேர்லதாம்மா, மன்னிச்சுரு," என்றார். பிறகு பழக்கதோஷத்தில் கடிகாரத்தைத் திருத்த மேசைப் பக்கம் கையை நீட்டினார்.

ஜாஹிதா குறுக்கே கை வைத்துத் தடுத்தாள். "தொடாதீங்கண்ணே. இப்பக் கூப்பிடுங்க போலீஸை. அவங்க வந்து பார்க்குற வரைக்கும் அந்தப் பன்னெண்டு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். எம்புள்ளைக்குச் சாட்சி அது."