ஆம்புரோஸ் செத்த சனிக்கிழமை

கைப்பேசி அலறியது!

லிங்கி தோட்டத்து லய வரிசையில் கடைசி வீடு. சனிக்கிழமை காலை பத்து மணி. பாதி ரொட்டி சானாயை வாயில் வைத்துக்கொண்டே ஆம்புரோஸ் எடுத்தார்.

"அலோ... ஆம்புரோஸ் வீடுதானே?"

"ஆமா."

"பொணத்த எத்தன மணிக்கு எடுக்குறீங்க?"

"யாரு பொணம்?"

"என்னலா இப்படிக் கேக்குறீங்க... ஆம்புரோஸ் பொணந்தான்!"

ரொட்டி தொண்டையில் சிக்கியது.

"நான்தான்யா ஆம்புரோஸ் பேசுறேன்!"

எதிர்முனையில் ஒரு வீறிடல்... தொடர்பு அறுந்தது.

அடுத்த நொடி வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது அந்த நோட்டீஸ். கறுப்புக் கட்டம். இரண்டு குத்துவிளக்கு. நடுவில் அவர் படம்! 'லிங்கி பழம்பொருள் கடை உரிமையாளர் திரு. ஆம்புரோஸ் இன்று அதிகாலை சிவலோகப் பதவி அடைந்தார். இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணி.'

"அகதா! என்னைக் கொன்னுட்டானுங்க!"

சமையற்கட்டிலிருந்து மனைவி வந்தாள். படித்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ மாதாவே! எந்தப் பாவி செஞ்ச வேலை இது?"

அவள் கண்கள் மட்டும் மேசை மேலிருந்த இன்னொரு கைப்பேசிக்குப் போயின. 'டக்டக்' இணைய ஏலத் தளத்தில் அவர்கள் கடை எட்டு வருடமாக ஓடுகிறது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, மண்ணெண்ணெய் விளக்கு, கணக்கெழுதும் கிராணியாரின் மேசை மணி என்று தோட்டத்துப் பழம்பொருள்கள்தான் சரக்கு. ஒரு காலத்தில் மளமளவென்று ஏலம் போனது. இப்போதோ விளம்பரத்துக்குக் காசு கட்டினால்தான் முதல் பக்கம். கட்டாதவர்களுக்கு நாற்பத்தேழாம் பக்கம்! அது போதாதென்று புது விதி வேறு... இன்று மாலை ஆறு மணிக்குள் பத்துப் பொருளாவது ஏலம் போகவில்லையென்றால் கடைக்கு நிரந்தரப் பூட்டு.

இதுவரை போனது சைபர்.

"என்னங்க... இதைப் பாருங்க!"

நேற்று கடையை எட்டிப் பார்த்தவர்கள் பதினொரு பேர். இன்று ஆறாயிரம்! மேசை மணிக்கு ஏழு பேர் போட்டி!

"செத்தவன் சேத்து வச்ச சாமான்னா ஒரு மவுசு இருக்கு போல," என்றார் ஆம்புரோஸ், பெருமையா வருத்தமா என்று புரியாமல்.

"ஆறு மணி வரைக்கும் வெளிய தலை காட்டாதீங்க!"

தட்... தட்... தட்!

கதவில் யாரோ!

அகதா திறந்தாள். வாசலில் லிங்கி காவல் நிலையத்து சார்ஜன் நல்லசாமி. கையில் பெரிய மலர் வளையம்.

"அக்கா, மனசைத் தேத்திக்கிங்க. அண்ணன எங்க படுக்க..."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

சார்ஜன் இரண்டடி பின்னால் தாவினார்!

"உக்காருங்க சார்ஜன். டீ குடிக்கிறீங்களா?"

"அண்ணே... எம்பது வெள்ளி குடுத்து வளையம் வாங்கிட்டு வந்திருக்கேன்! எவன்லா இந்தப் பொய்யப் பரப்புனது? இது கேஸ், தெரியுமா?"

அகதா முந்திக்கொண்டாள்.

"கோலா பிலா திருச்செல்வம்தான், சார்ஜன்! அதே தளத்துல எங்களுக்குப் போட்டியா விக்கிறாரு. விளம்பரம் போட்டு முதல் பக்கத்துல உக்காந்திருக்கிறவரு. நோட்டீஸைப் பாருங்க... சிவலோகப் பதவியாம்! நாங்க மாதா கோயில் ஆளுங்க. சிவலோகத்துல இவருக்கு யாரைத் தெரியும்?"

"கரெக்ட்லா!" சார்ஜன் தொடையில் தட்டினார்.

திருச்செல்வத்தை வரவழைக்கத் தேவையே இருக்கவில்லை. மூன்று மணிக்கு அவரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கண்ணீரும் கம்பலையுமாக. இன்னொரு மலர் வளையத்தோடு!

ஆம்புரோஸைப் பார்த்ததும் அழுகை நின்றது. கோபம் வந்தது.

"யோவ், உனக்காக ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓட்டிட்டு வந்திருக்கேன்! உயிரோட உக்காந்திருக்க?"

"நடிப்பெல்லாம் வேணாம்," என்றார் சார்ஜன். "போட்டிக்காரன ஒழிக்கத்தானே இந்த நோட்டீஸ்?"

"நானா? சார்ஜன், முதல் பக்கத்துல இருக்கேன்னு பேருதான். விளம்பரத்துக்குக் கட்டி, கட்டணம் கட்டி, மிச்சத்துக்கு ஒரு தே தாரிக் டீ வாங்க முடியல! இதுல இவன எப்பக் கொல்றது?"

"அப்ப சிவலோகம்?"

திருச்செல்வம் நோட்டீஸ் இருந்த கைப்பேசியை வாங்கினார். கடைசி வரி வரை படித்தார். மெல்லச் சிரித்தார்.

"எல்லாரும் படத்தையும் நேரத்தையும் பாத்துட்டு விட்டுர்றீங்க. அடியில பொடி எழுத்தப் படிங்க. 'முப்பதாம் நாள் ஜெபம் பின்னர் அறிவிக்கப்படும்.' நம்ம பக்கம் பதினாறாம் நாள்தானே காரியம்? முப்பதாம் நாள் ஜெபம் வைக்கிறது மாதா கோயில் ஆளுங்கதானே சார்ஜன்?"



மூன்று தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

அகதா முந்தானையைத் திருகினாள்.

"சிவலோகம்னு மாத்தித்தான் எழுதுனேன்... ஜெபம் மட்டும் கை பழக்கத்துல வந்துருச்சு..."

"அகதா! நீயா?" ஆம்புரோஸ் எழுந்தே விட்டார்.

"பின்ன? முதல் பக்கத்துல வர டக்டக்காரன் வாரம் நானூறு வெள்ளி கேக்குறான். சாவு நோட்டீசுக்கு ஒரு காசு உண்டா? அரை மணி நேரத்துல சிரம்பான், லோபாக், கோலா பிலா... எல்லாரும் படிச்சாங்க, எல்லாரும் அனுப்புனாங்க!"

"அதுக்குப் புருசனையா கொல்லுவ?"

"வேற யாரைக் கொல்றது? பக்கத்து வீட்டு ஆளைக் கொன்னா சண்டைக்கு வரமாட்டாங்க?"

"பழிய ஏன்க்கா என் மேல போட்டீங்க?" என்றார் திருச்செல்வம்.

"நீங்க முதல் பக்கத்துல இருந்தீங்கல்ல. சட்டுனு ஞாபகம் வந்துச்சு."

சார்ஜன் தொப்பியை மாட்டினார்.

"அக்கா, இப்பவே உண்மையப் போடுங்க. வேணாங்கிறவங்க ஏலத்துல இருந்து விலகட்டும். இல்லைன்னா உங்கள அழைச்சிட்டுப் போக வேண்டி வரும்."

அகதாவின் கண்கள் நிறைந்தன. உண்மையைச் சொன்னால்... கடை போச்சு!

ஆம்புரோஸ் அவளைப் பார்த்தார். பிறகு சார்ஜனின் மலர் வளையத்தை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"எடு போட்டோ! 'நான் சாகல. என் பொண்டாட்டி சொன்ன பொய். விலகுறவங்க தாராளமா விலகலாம்'னு போடு."

போட்டாள்.

ஏழு பேர் விலகினார்கள். ஒன்பது... பன்னிரண்டு! அகதா முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு கைப்பேசி சிணுங்கியது. மறுபடியும்... மறுபடியும்! மாலையும் கழுத்துமாக இளித்த ஆம்புரோஸின் படத்தை ஊரே அனுப்பத் தொடங்கியிருந்தது.

ஆறு மணி. டக்... டக்!

பத்தொன்பது பொருள் ஏலம்! கடை பிழைத்தது.

"இனிமே யாரையும் சாகடிக்காதீங்க!" என்று எச்சரித்துவிட்டு சார்ஜன் புறப்பட்டார்.

அதே நேரம் ஆம்புரோஸ் கைப்பேசியிலும் திருச்செல்வம் கைப்பேசியிலும் டக்டக்கிலிருந்து ஒரே செய்தி.

'அன்பான விற்பனையாளரே! நாளை முதல் கட்டணம் எட்டு விழுக்காட்டிலிருந்து பதினான்கு விழுக்காடு. விளம்பரக் கட்டணம் இரட்டிப்பு. தொடர்ந்து மகிழ்ச்சியாக விற்பனை செய்யுங்கள்!'



சார்ஜனின் ஜீப் தோட்டத்துச் சாலையில் திரும்பி மறையும்வரை திருச்செல்வம் காத்திருந்தார். பிறகு தலையைச் சொறிந்தபடி அகதாவிடம் குனிந்தார்.

"அக்கா... அடுத்த சனிக்கிழமை நான் சும்மாத்தான் இருக்கேன். என்னையும் கொஞ்சம் கொன்னு குடுங்களேன்!"