அந்த ஊரை யாரும் கண்டுக்கறதில்லை

"எங்க அக்காகிட்ட இப்பவே பேசணும். போனைப் போடுய்யா."

இதை மட்டும் கேட்டுடாதே என்று நைனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஏஜெண்ட் சிட்டிபாபுவைப் பகைத்துக்கொண்டால், பாலைவனத்து ஊரில் வீட்டு வேலைக்குப் போன தாட்சாயணி அக்காவுக்குத்தான் கஷ்டம் வருமாம். போனதிலிருந்து அவள் குரலையே கேட்கவில்லை. இதைவிட என்ன கஷ்டம்? பிரேமலதா கேட்டுவிட்டாள்.

சிட்டிபாபுவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

"டிகிரி படிச்ச பொண்ணு, அதட்டித்தான் கேப்பே," சிரித்தான். "எல்லாரும் துபாய் துபாய்னு அலையறாங்க. அந்த ஊரை எவனும் கண்டுக்கறதில்ல. ஆனா போய்ப் பாத்தவங்க ஒருத்தரும் திரும்பினதில்ல. அவ்ளோ புடிச்சிப் போவுது."

"புடிச்சிப் போச்சா, புடிச்சி வெச்சிருக்கியா?"

சிட்டிபாபு நம்பரைச் சுழற்றி ரிசீவரை அவளிடம் நீட்டினான். புத்தூர் பஸ் ஸ்டாண்டின் ஹாரன்களும், மாம்பழக்கூழ் ஃபேக்டரியிலிருந்து வரும் புளித்த வாடையும், தலைக்கு மேல் முனகும் ஃபேனும் அந்தச் சின்ன ஆபீசில் அடைந்து கிடக்க, ரிசீவர் மட்டும் வெயிலில் கிடந்த இரும்பு மாதிரி அவள் காதைச் சுட்டது.

"லதா! நல்லா கீறேன்டி. சாயங்காலமானா மணல்மேடெல்லாம் செவந்து போவும். ஊர் நடுவுல பேரீச்சந்தோப்பு, வாய்க்கால்ல சில்லுனு தண்ணி. மண்ணால கட்டின கோட்டை ஒண்ணு கீது, கதவே கெடையாது. ஒரு தடவை வந்து பாருடி."

அக்காவேதான். ஆனால் பேச்சுக்கு நடுவே அவள் மூச்சே விடவில்லை.

"அக்கா, நானே வந்து உன்னை இட்டுக்கினு வரேன்."

"எதுக்கு? அம்மாவும் இங்கதானே கீறா."

அம்மா ஆடியில் செத்துப்போனாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சாவுச் சேதி சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார்கள் என்று இந்த ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் மறைத்துவிடுவார்கள். இவர்களும் மறைத்தார்கள்.

"நீங்க யாரும் சொல்லலேன்னு அவளே சொல்ல வந்தா. பாவம், வழியெல்லாம் விசாரிச்சிக்கினு வந்தாளாம்."

ஃபேன் ஓடியது. சத்தம் இல்லை. ஹாரன் இல்லை. காதுக்குள் மட்டும் துணி மேல் மணல் கொட்டுகிற ஓசை. கொட்டிக்கொண்டே இருந்தது.

"இரு, இங்க ஒருத்தி பேசணுமாம்."

"யாரு?"

வெடுக்கென்ற குரல். அதட்டல். பிரேமலதாவின் சொந்தக் குரல்.

"கேள்வி கேட்டுக்கினு நிக்காதே. நல்ல ஊரு. கெளம்பு."

ரிசீவர் நழுவியது. ஒயரில் தொங்கி ஆடியது. சிட்டிபாபு கையை நீட்டினான். அவ்வளவுதான்.

அக்காவைத் தேடிப்போக நைனாவுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட். பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தாள். முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது. எடுத்தது யார் என்றுதான் தெரியவில்லை.

வாசலில் நின்று, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த நைனாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. பின்னால், தொங்கும் ரிசீவரில், அவள் குரல் அக்காவோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

படியிறங்கி நடந்தாள்.