உள்ளே இன்னும் ஒருவர்

எல்லோரும் போய்விட்ட பிறகும் மாடியில் அந்தச் சரசரப்பு நிற்கவில்லை.

அது என்ன சத்தம் என்று கோரீனுக்குத் தெரியும். வீடு பார்க்க வருகிறவர்கள் தரை அழுக்காகாமல் இருக்க ஷூவுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்வார்கள். அது மரத்தரையில் இழுபடுகிற சத்தம். வீடு விற்றுப் பிழைக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சங்கீதமே அதுதான். மதியம் முழுக்க அந்த உறைகள் மேலும் கீழுமாக உரசிக்கொண்டே இருந்தன. கூடவே, வீடு மணக்கட்டும் என்று அவள் அடுப்பில் வைத்த பட்டை பிஸ்கட் வாசனையும், வந்தவர்களின் ஈரக் கோட்டு வாசனையும், குளியலறைக் குழாயைத் திறந்து திறந்து பார்க்கிறவர்களின் முணுமுணுப்பும் வீட்டை நிறைத்திருந்தன. ஆனால் கடைசியாக வந்த தம்பதியை அவளே வாசல்வரை போய் வழியனுப்பிக் கதவைத் தாழிட்டாயிற்று. வீட்டுக்காரக் கிழவனும் கிழவியும் குளிருக்குப் பயந்து அரிசோனா பக்கம் போய் மாதக்கணக்காகிறது. பிறகு மேலே யார்?

"மேல யாராவது இருக்கீங்களா? நேரமாச்சுங்க, பூட்டப் போறேன்" என்று படிக்கட்டின் கீழிருந்து குரல் கொடுத்தாள். வெந்நீர்க் குழாய்தான் ஏதோ சூட்டுக்கு முனகுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாசல் மேசைக்கு வந்தாள்.

மேசைமேல் புது டேப்லெட் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அலுவலகம் இந்த வாரம்தான் கொடுத்திருந்தது. இதுவரை அட்டையில் செருகிய தாளும் பேனாவும்தான். இனி வருகிறவர்கள் பெயர், போன் நம்பர், வேறு ஏஜென்ட் இருக்கிறாரா, எப்போது குடிவர எண்ணம் என்பதையெல்லாம் இதில் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும்; கிளம்பும்போது தங்கள் பெயரைத் தொட்டால் வெளியேறியதாகக் கணக்கு. முன்பின் தெரியாத மனிதர்களோடு காலி வீட்டில் தனியாக நிற்கிற பெண்களுக்கு அது ஒரு பாதுகாப்பு என்றார்கள். திரையில் எல்லாப் பெயர்களும் மங்கிப்போயிருந்தன. கீழே ஒரு வரி மட்டும் பளிச்சென்று இருந்தது: உள்ளே இன்னும் ஒருவர்.

பெயரைப் பார்த்தாள். பிரிட்டா ஹாகன்.

கோரீனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெயரை மதியம் எழுதியது அவளேதான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு எதிலும் முதல் ஆளாக இருக்கக் கூச்சம். சர்ச் விருந்தில் கேக் தட்டை நடுவில் வைத்தால், வேறு யாராவது முதலில் எடுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வீடு பார்க்க வந்தாலும் அதே கதைதான். வெறும் தாளைக் கண்டால் பேனாவையே தொடமாட்டார்கள், நைசாக நழுவி உள்ளே போய்விடுவார்கள். போன் நம்பர் இல்லாமல் போனவர் போனவர்தான், அடுத்த வாரம் கூப்பிட்டுப் பேச வழியே கிடையாது. அதனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கதவைத் திறக்கும் முன்பே முதல் வரியில் ஏதாவது ஒரு பெயரை எழுதி வைப்பார்கள். ஒரு பெயர் இருந்துவிட்டால் போதும், பின்னாலேயே எல்லோரும் வரிசையாக எழுதிவிடுவார்கள். அலுவலகத்தில் அவளுக்கு மூத்தவரான டுவெய்ன் தன் பங்குக்குப் பள்ளிக்கூட வாத்தியார்கள் பெயரையெல்லாம் எழுதுவார். கோரீன் தன் மகள் பெயரை எழுதினாள்.

பிரிட்டா மார்ச் மாதத்து உறைந்த ஏரியை நம்பி நடந்தவள். பார்க்கத்தான் அந்தப் பனிக்கட்டி கெட்டியாக இருந்தது, நடுவில் போனதும் உடைந்துவிட்டது. அவளை எடுத்துக்கொண்டு வந்தபோது கம்பளிக் கோட்டு நனைந்து கனத்து, ஆள் இரண்டு மடங்கு எடையாக இருந்தாளாம். அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் கோரீனின் கை தானாக எழுதிய பெயர் அது. எழுதிய பிறகு அழிக்க மனம் வரவில்லை. முன்பின் தெரியாத பத்துப் பேர் பெயருக்கு மேலே, யாரையும்போல அவளும் ஒரு வீடு பார்க்க வந்திருக்கிறாள் என்று அந்தத் தாள் சொன்னது. அந்த ஒரு மதியம் அவள் உயிரோடு இருந்தாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பெற்ற வயிறு வேறு எதைக் கேட்கும்? அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு தாளிலும், முதல் வரி அவளுக்குத்தான்.

போன் அடித்தது. டுவெய்ன்தான். ஞாயிறு சாயங்காலம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இன்றைக்கு அவர் குரலில் வழக்கமான கிண்டல் பாதிதான் இருந்தது.

"ஒருத்தர் இன்னும் உள்ள இருக்கறதா இங்க காட்டுதே. யாராவது கட்டில்ல படுத்துத் தூங்கிட்டாங்களா?"

"நான் போட்ட பேருதான் டுவெய்ன். சும்மா முதல் வரிக்கு."

அவரும் பெயரைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அவளைத் திட்டவில்லை. பெயரைத் தொட்டு வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போ, பனி கொட்டப் போகிறது என்று மட்டும் சொன்னார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்து, அந்த ஓடேகார்ட் தம்பதி பேச்சை எடுத்தார். போன வருஷம் கோரீன் விற்ற மஞ்சள் வீட்டை அவர்கள் திரும்ப விற்கப் போகிறார்களாம்.

"மாடி ரூம்ல சத்தமாம். பிளாஸ்டிக் பையை இழுத்துட்டு நடக்கற மாதிரி. காலையில பாத்தா தரையெல்லாம் தண்ணியாம். அந்த நர்ஸ் வீட்டுலயும் இதே புலம்பல். நீ வித்த வீட்டுல மட்டும் எல்லாக் குழாயும் ஒழுகுதா, என்ன கோரீன்?"

அவர் சிரிக்க முயன்றார். நாளைக்குப் பேசுகிறேன் என்று கோரீன் போனை வைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி சாம்பல் நிறத்திலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. நவம்பரில் இந்த ஊரில் மதியத்துக்கும் இருட்டுக்கும் நடுவே சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. பிஸ்கட் வாசனை ஆறிவிட்டது. அதன் அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல மேலே வந்தது. நனைந்த கம்பளி வாசனை. வந்தவர்கள் விட்டுப்போன ஈரம்தான் என்று நினைத்தாள். நினைப்பு முடிவதற்குள் போன் அதிர்ந்தது.

புது டேப்லெட்டின் இன்னொரு சாமர்த்தியம் அது. வீடு பார்க்கும் நேரம் முடிந்ததும், நம்பர் கொடுத்த அத்தனை பேருக்கும் கோரீனின் பெயரில் தானாகவே ஒரு மெசேஜ் போகும். வந்ததற்கு நன்றி, வீடு பிடித்திருந்ததா, எப்போது குடிவரப் போகிறீர்கள் என்று. பிரிட்டாவின் பெயருக்குப் பக்கத்தில் அவள் எழுதியது பிரிட்டாவின் பழைய நம்பர். அதைத் துண்டித்து எவ்வளவோ காலமாகிறது. அந்த நம்பரிலிருந்து பதில் வந்திருந்தது.

*வீடு நல்லாருக்கு. ரொம்பக் குளிருது. நான் எப்போ வெளிய போகலாம்?*

நம்பரை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள். யாரோ விளையாட்டுப் பிள்ளை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கோரீன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யார் நீங்கள் என்று தட்டினாள். பதில் உடனே வந்தது.

*நீதானேம்மா வரச் சொன்ன.*

மாடியில் சரசரப்பு நின்றது.

பயந்து ஓடியிருக்கலாம். கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஓடித்தான் இருப்பார்கள். ஆனால் செத்துப்போன பிள்ளை மேலே இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு எந்தத் தாய் கதவைப் பார்த்துத் திரும்புவாள்? கோரீன் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். கைப்பிடிச் சட்டம் ஈரமாக இருந்தது. படிகளும் ஈரம். மேலே ஏற ஏற மூச்சு புகையாக வந்தது. வீடு பார்க்க வருகிறவர்களுக்காக அவள் போட்டு வைத்த விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. கடைசி அறையில் மட்டும் இல்லை.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

முதலில் பாதங்கள் தெரிந்தன. நீல உறை மாட்டிய இரண்டு பாதங்கள். உறைகள் தண்ணீர் நிரம்பிப் பலூன் மாதிரி உப்பியிருந்தன. விளிம்பில் வழிந்து தரையில் பரவியது. அதற்கு மேல் கோட்டின் ஓரம். அதற்கு மேல் பார்க்க அவளால் முடியவில்லை. பார்க்கத் தவித்தாள். ஆனால் முடியவில்லை.

"பிரிட்டா."

"அம்மா, விளக்கு போடாத."

அதே குரல். சளி பிடித்தால் வரும் அதே கரகரப்பு. கோரீனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நான் உன்னை விடமாட்டேன், இந்த வீட்டை யாருக்கும் விற்கவிடாமல் செய்கிறேன், தினமும் வருகிறேன், கூடவே இருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னாள். வாயில் எது வந்ததோ அதெல்லாம். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"நீ வர்றதில்லம்மா" என்றது குரல். குற்றம் சாட்டவில்லை, சும்மா சொன்னது. "பேரு எழுதிக் கூப்பிடற. நான் வந்துடறேன். அப்புறம் வீட்ட வித்துட்டுப் போயிடற. வேற யாரோ கட்டில் போடறாங்க. என்னைப் பாத்து அலர்றாங்க. எனக்கு வெளிய போகத் தெரியல. விட்டுடும்மா."

ஒரு விரல் பட்டால் போதும். அவள் போய்விடுவாள். தன் கையாலேயே அனுப்ப வேண்டும். ஏரி ஒருமுறை எடுத்துக்கொண்டதை இப்போது தானே எடுத்துக் கொடுக்க வேண்டும். கோரீன் திரையைப் பார்த்தாள். பெயர் பளிச்சென்று இருந்தது. நேரம் போனதே தெரியாமல் அழுதாள். உள்ளே அந்தப் பாதங்கள் நகராமல் நின்றன. பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பிரிட்டாவுக்கு அப்படித்தான் நடுங்கும். அந்தச் சத்தத்தை அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"போயிட்டு வாடா கண்ணு" என்று சொல்லிவிட்டு, பெயரைத் தொட்டாள்.

பெயர் மங்கியது.

சரசர. அவளைத் தாண்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஈரமான ஏதோ ஒன்று கன்னத்தில் பட்டு விலகியது. படிகளில் இறங்கியது. சரசர. சரசர. ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். காற்று உள்ளே பாய்ந்தது. கம்பளி வாசனை அவள் பக்கமாக நகர்ந்து, வெளியே போய், பனியில் கரைந்தது. இரண்டு நீல உறைகள் மட்டும் கால்மிதியின் மேல் காலியாகக் கிடந்தன.

போய்விட்டாள். கோரீன் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். துக்கம்தான். ஆனால் எத்தனையோ காலத்துக்குப் பிறகு மூச்சு அடிவரைக்கும் போய் வந்தது. பிள்ளைக்கு இனிக் குளிராது என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இந்த வீடு மலைச்சரிவின் உச்சியில் இருந்தது. வாசலில் நின்றால் கீழே ஏரிவரைக்கும் ஊர் மொத்தமும் படிப்படியாக இறங்கும். அந்நேரம் வீடுகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடேகார்ட் தம்பதியின் மஞ்சள் வீட்டில் கீழே சமையலறை வெளிச்சமாக இருந்தது. மேலே, இருட்டு ஜன்னலில், யாரோ ஒருத்தி நின்றிருந்தாள். கனத்த கோட்டு. கண்ணாடியில் ஒரு உள்ளங்கை.

நர்ஸ் வீடு. அங்கேயும்.

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பச்சை வீடு. அங்கேயும். அதற்குக் கீழே செங்கல் வீடு. தபாலாபீஸ் தெரு. முனை வீடு. கண் பட்ட இடத்திலெல்லாம் ஒரு மாடி, ஒரு இருட்டு ஜன்னல், ஒரு உள்ளங்கை. அவள் விற்ற வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரிட்டா. எல்லாம் தாளில் எழுதிய பெயர்கள். அந்தத் தாள்களை நம்பர்களைக் குறித்துக்கொண்டதும் மெஷினில் போட்டுக் கிழிக்கிற வேலையும் அவளுடையதுதான். ஒன்றுகூட மிச்சமில்லை. தொட்டு அனுப்ப அவளிடம் எதுவுமே இல்லை.

ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியை அனுப்பியதைப் பார்த்துவிட்டார்கள். யாரும் கண்ணாடியைத் தட்டவில்லை, கத்தவுமில்லை. தங்கள் முறை எப்போது வரும் என்று, நடுங்கிக்கொண்டே, மரியாதையாகக் காத்திருந்தார்கள்.