மாடியறையில் பதிந்த சத்தம்

பழைய சவுண்ட் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் நிற்கவில்லை. இழுத்தது, சற்று நின்றது, மறுபடி இழுத்தது.

"கார்டுதான் வெளிய வந்துட்டே தம்பி. பெறகு எங்கன இருந்து சத்தம் வருது?" என்றார் ராஜமணி.

திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தலையை நுழைத்திருந்த மெக்கானிக் வேணுகோபால் நிமிரவில்லை. "எர்த்து சரியில்ல அண்ணாச்சி. கரிசல் காய்ஞ்சு காலு நுழையுத அளவுக்கு வெடிச்சுக் கெடக்கு. எர்த்துக் குழியில நாலு குடம் தண்ணி ஊத்துங்க. தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி வீட்டு மண்ணுக்கே தாகம்னா, எங்களுக்கெல்லாம் என்ன கதி?"

ராஜமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இழுப்பை அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் மழைக்கும் பனிக்கும் கேட்ட இழுப்பு.

மகள் ஐஸ்வர்யா தை மாதத்து மதியம் ஒன்றில், இதே மாடியறையில், இதே நாற்காலியில் மூச்சு முட்டி இறந்துபோனாள். அவள் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்து கீழே ஹாலில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. ராஜமணியும் அதே ஹாலில்தான் இருந்தார். மனைவி ஜானகியம்மாள் ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். வந்து விழுந்து அழுதவள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ள கூப்பிடலையா?"

"கூப்பிடல."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து மாதமாக அவள் அவருக்குச் சோறு போடுகிறாள்.

போன வாரம் கம்ப்யூட்டரைத் துடைத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த மதியம் ஐஸ்வர்யா மைக் வைத்து எதையோ பதிந்திருக்கிறாள் என்று. பதினாலு நிமிடம். போட்டால் வெறும் கரகரப்பு. ஜானகியம்மாள் மூன்று நாள் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தாள். "புது கார்டு போட்டா தெளிவாக் கேக்குமாம். எம்பிள்ள குரல ஒரு தடவ கேட்டாப் போதும் எனக்கு" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

வேணுகோபால் புதுக் கார்டைச் செருகி, திருகை முடுக்கி, பெட்டியை மூடினான். "பழசு பதிஞ்சதெல்லாம் நல்லாத்தான் பதிஞ்சிருக்கு. வெளிய விடத்தான் சத்தில்ல. இனி பாருங்க, பக்கத்து வீட்டு அம்மி அரைக்குததுகூடக் கேக்கும்."

அவன் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கரைந்தது. ஜானகியம்மாள் கோயிலிலிருந்து திரும்ப அரைமணி நேரம் ஆகும். முதலில் தான் கேட்டுவிட வேண்டும். அதில் ஏதாவது இருந்தால் அழித்துவிட வேண்டும். ஜன்னல் வழியாக நாலு மணி வெயிலும், காயப்போட்ட தீக்குச்சி மருந்தின் காரமான நெடியும் உள்ளே வந்துகொண்டிருந்தன. பதிவைத் தட்டினார்.

மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது, நாற்காலி நகர்வது கேட்டது, அவளுடைய கண்ணாடி வளையல் மேசை விளிம்பில் உரசுவதும், எங்கோ ஒரு காகம் கரைவதும், கல்லூரி விழாவுக்காக அவள் எழுதிய பேச்சைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்குவதும், காற்றே இல்லாத அந்த அறையில் அவள் எதிரே உட்கார்ந்திருப்பது போல அத்தனை துலக்கமாகக் கேட்டன. ராஜமணி அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஐந்து மாதத்து அழுகையை அழுதார்.

வாசிப்பு நின்றது. இருமல். மேசை டிராயர் ஒன்று திறந்தது. மூடியது. இன்னொன்று திறந்தது.

"அப்பா."

அதற்குப் பின்னால், ரொம்பக் கீழே, டிவியில் கிரிக்கெட். கூட்டத்தின் ஆரவாரம்.

"அப்பா... மருந்து..."

ஆரவாரம் கூடியது.

ஒரு படி. இன்னும் ஒரு படி. கீழே யாரோ சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. கடைசி ரெண்டு ஓவர், காப்பிக்குத்தான் கத்துகிறாள் என்று ரிமோட்டை அழுத்திய கட்டைவிரல் இப்போது மவுஸின்மேல் இருந்தது.

மீதி ஆறு நிமிடத்தையும் அவர் கேட்டார். பிறகு அழித்தார். பதிவு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

ஸ்பீக்கர் இழுத்தது. நின்றது. இழுத்தது.

வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரை இருண்டது.

இழுத்தது.

அப்போதுதான் புரிந்தது. சத்தம் ஸ்பீக்கரில் இல்லை. அவர் நெஞ்சில்.

கீழே கேட் திறந்தது. ஜானகியின் செருப்புச் சத்தம். வந்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தார். கால் எழவில்லை.

"என்னங்க, டிவிய இப்படியா அலற விடுவிய?"

அவர் டிவியைப் போடவே இல்லை. அவள் ஹாலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"கார்டு போட்டாச்சா? பிள்ள குரலக் கேட்டியளா?"

"கேட்டேன்" என்றது ஒரு குரல். அவருடைய குரல். "அழகா வாசிக்கா."

"கூப்பிட்டாளா?"

"இல்ல."

ஜானகியம்மாள் அழுவது கேட்டது. ஆறுதல் கிடைத்தவளின் அழுகை. "அப்ப நம்ம மேல தப்பில்ல, என்னங்க?"

ராஜமணி வாயைத் திறந்தார். காற்று இல்லை. இருந்த கொஞ்சத்தையும் திரட்டினார்.

"ஜானகி..."

கீழே டிவி சத்தம் ஒரு படி கூடியது.

"ஜான..."

இன்னும் ஒரு படி.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து கண்ணாடி வளையல் உரசும் சத்தம். காதோரம் மூச்சில்லாத ஒரு குரல், சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போல.

"கத்தாதீங்கப்பா. கீழ கேக்காது."

தோளைத் தாண்டி வந்த ஒரு கை அவர் நெஞ்சை மெல்லத் தடவிக் கொடுத்தது. அதன் நகங்களெல்லாம் நீலம் பாரித்திருந்தன.