தகரச்சாமியின் முகம்

பேட்டரியைக் கழற்றி அப்புத்தளை ஷிராஸ் நானாவின் கடையில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் இரும்புச் சட்டைக்குள் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

விஜயலெட்சுமி கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு நின்று கேட்டாள். வெளியே மூடுபனி இறங்கி தோட்டத்து லய வீடுகளின் கூரைத் தகரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தது. பக்கத்துக் காம்பராவில் யாரோ கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னேர ரயில் மலையைச் சுற்றி ஏறும் கூவல் தேய்ந்து தேய்ந்து நின்றது. அத்தனைக்கும் அடியில், முன் காம்பராவின் மூலையிலிருந்து அந்த ரீங்காரம், யாரோ ஆழ்ந்து தூங்கி மூச்சு விடுவதுபோல் கூடியும் குறைந்தும் வந்தது. அங்கே மகளின் படத்துக்குக் கீழே, புருசன் செய்த இரும்புச் சட்டை ஒரு மரக்கட்டையில் மாட்டி நின்றது. பேட்டரி இல்லாத காற்றாடி எப்படி ஓடும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்தாள். பிறகு, ஓடினால் ஓடட்டும் என்று பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியை டம்ளரில் ஊற்றினாள்.

பட்ட காலிலே படும் என்று சொன்னவன் இந்த வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான். முதலில் போனது டிலுக்ஷி, ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டுத் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தபோது, காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து குளவிக் கூடு விழுந்தது. குளவி கலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டியிருக்கும் தடித்த படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் படங்கு ஏது? புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். தகப்பன் ஓடிப்போய் எட்ட நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. கிட்டப் போனவனைக் குளவிகள் விரட்டி விரட்டி அடித்தன.

அவள் புருசன் புவனேந்திரன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பிட்டர்; ஓடாத இயந்திரத்தை ஓட வைப்பதுதான் வேலை. மகளின் கருமாதி முடிந்த மறுநாளே தகரம் வெட்டத் தொடங்கிவிட்டான். பழைய கூரைத் தகரம், லாரி டியூப், தேயிலை சலிக்கும் கம்பி வலை, ஷிராஸ் நானா கொடுத்த த்ரீவீல் பேட்டரி. அடைத்த தகரத்துக்குள் மனிதன் மூச்சுமுட்டிச் சாகாமலிருக்க முதுகில் ஒரு சிறிய காற்றாடி. வாய்க்கு நேரே, சாயத்தண்ணி குடிக்க ஒரு சின்ன மூடி. வயிற்றுத் தகரத்துக்கு உட்புறம் மெத்தைக்காக அவன் வைத்துத் தைத்தது டிலுக்ஷியின் புத்தகப் பையை. பிள்ளையை வயிற்றில் கட்டிக்கொண்டு போகிறேன் என்றான். விஜயலெட்சுமி அன்று அழுத அழுகை லயத்துக் கடைசிக் காம்பரா வரை கேட்டது.

முதல் தடவை அதை மாட்டிக்கொண்டு காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நடந்தபோது தடுக்கி விழுந்தான். தகரச்சாமி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அதன்பிறகு ஒருநாள் தோட்டத்தின் மேல்கணக்கில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் குளவி கலைந்தது. கறுப்பு மேகமாய்ச் சுழன்றவற்றுக்கு நடுவே தகரச்சாமி குலுங்கிக் குலுங்கி நடந்துபோய் ஒவ்வொருத்தியாகத் தூக்கிவந்து சேர்த்தான். சிரித்த வாய்களே அன்றைக்கு மறுநாள் அவன் காலடியில் தேங்காய் உடைத்தன. ஊர் வாய் அப்படித்தான், இரண்டு பக்கமும் திறக்கும்.

தகரத்துக்குள் இருப்பவன் பேசினால் வெளியே கேட்காது. அதனால் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் இடையில் ஓர் அடையாளம் இருந்தது.

"ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. அது கேட்டா நான் நல்லா இருக்கேன்னு நெனச்சுக்க, விஜி," என்றான்.

அது டிலுக்ஷி பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தட்டும் தட்டு. அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அவன் பயந்தது ஒன்றுக்குத்தான். குளவிகள் இப்போதெல்லாம் தன்னைக் கொட்ட வருவதில்லை என்று ஒருநாள் சட்டையைக் கழற்றும்போது சொன்னான். ஒன்றிரண்டு மட்டும் முகத்து வலைமேல் வந்து உட்காருமாம். கண்ணிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து உதட்டுக்கு, மெதுவாக நடந்து பார்க்குமாம்.

"தையக்காரன் அளவெடுக்கிற மாதிரி இருக்கு புள்ள. அதுங்களுக்கு என்னைய தெரியுது."

அவள் திருநீறு பூசிவிட்டாள். வேறென்ன செய்ய?

கடைசியாகப் போன அன்று எல்லோரையும் கரை சேர்த்துவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெண்கள் மூச்சு விட்டபோது, காற்றாடி நின்றது. தகரச்சாமி தண்ணீர் ஓடும் கானுக்குள் சரிந்தான். ஆண்கள் புகைப்பந்தத்தோடு இறங்குவதற்குள் குளவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து போய்விட்டன. வந்த வேலை முடிந்ததுபோல் போயின என்றார்கள்.

பெட்டியை ஆணியடித்துத்தான் கொண்டுவந்தார்கள். ஒருதரம், ஒரேயொருதரம் முகத்தைக் காட்டுங்கள் என்று அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மனதில் இருக்கிற முகமே இருக்கட்டும் என்று அவளை இழுத்து நிறுத்தினார்கள். மனதில் இருந்த முகம் அன்றிலிருந்தே அழியத் தொடங்கிவிட்டது. புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு இடதா வலதா என்றுகூட இப்போது நிச்சயமில்லை. ராத்திரியெல்லாம் அதை நினைத்தே அழுவாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த முகம்தான்.

உடலை எடுத்துக்கொண்டு சட்டையைத் திருகி மூடி வீட்டுக்கு அனுப்பினார்கள். கருமாதிவரை செத்தவர் விரும்பியதைப் பொழுது சாயும்போது வைப்பது வழக்கம். மற்றவர்கள் இலையில் வைப்பார்கள். அவள் வாய் மூடியைத் திறந்து, கித்துள் கருப்பட்டியை உள்ளே போட்டு, சாயத்தண்ணியை ஊற்றினாள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது அவன் பழக்கம். தரையெல்லாம் ஒழுகும் என்று கீழே சாக்கு விரித்திருந்தாள்.

சாக்கு நனையவில்லை. மறுநாளும் நனையவில்லை.

கருமாதி கழிந்தபிறகும் அவள் நிறுத்தவில்லை. யார்தான் நிறுத்துவார்கள்? முகத்து வலையை உள்பக்கம் ஏதோ படிந்து அடைத்திருந்தது; திறந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. வெறுமையாக இருந்துவிட்டால்?

இன்றைக்கும் ஊற்றினாள். ரீங்காரம் சட்டென்று தாழ்ந்தது. உள்ளே எதுவோ நகர்ந்து இடம்கொடுத்தது.

வாசலில் கீழ் லயத்துக் கருப்பம்மா அக்கா வந்து நின்றாள். நாளைக் காலையில் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து சட்டையை எடுத்துப்போய் ஸ்டோர் வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னாள். பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தித் தலையைச் சாய்த்தாள்.

"பேட்டரிய குடுத்துட்டேன்னு சொன்னியே புள்ள. அப்ப என்னா ஓடுது?"

"அவரு மூச்சு விடுறாருக்கா."

கருப்பம்மா அவளையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று தன் காம்பராவில் வந்து படு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனாள். போகும்போது ஓடினாள்.

நாளைக்கு. கண்ணாடிக்குள். போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்க.

கரண்ட் போனது. பனி ஜன்னலை அடைத்துக்கொண்டது. விஜயலெட்சுமி மகளின் படத்துக்கு ஏற்றியிருந்த விளக்கைக் கையில் எடுத்தாள். வெளிச்சம் ஏறியிறங்கத் தகரச்சாமியின் நிழல் சுவரில் ஏறி, கூரையில் வளைந்து, அவள் தலைக்கு மேலே வந்து நின்றது. கருப்பட்டியும் இயந்திர எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. அவன் வேலைவிட்டு வந்து பக்கத்தில் உட்காரும்போது வரும் அதே வாசனை. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. மக்கிய மரம்போல.

நெஞ்சுத் தகரத்தில் கை வைத்தாள்.

சுட்டது. காய்ச்சல்காரன் நெஞ்சுபோல.

தகரத்துக்கு அந்தப் பக்கம், அவள் உள்ளங்கைக்கு நேராக, ரீங்காரம் வந்து கூடியது.

தட்டு. தட்டு.

உள்ளங்கையை இன்னும் அழுத்தினாள்.

தட்டு.

அவளுக்குப் பயம் இருந்தது. ஓடு ஓடு என்று உடம்பு கெஞ்சியது. ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளுக்குள் உடைந்து வழிந்தது.

"ஒருக்கா மொகத்தக் காட்டுங்க. வேற ஒன்னும் கேக்கல."

அவனுடைய திருப்புளியாலேயே முகமூடியின் திருகுகளைக் கழற்றினாள். ஒன்று. இன்னொன்று. கை வழுக்கியது. கடைசித் திருகு தரையில் விழுந்து எங்கோ உருண்டது.

ரீங்காரம் நின்றது.

முகமூடியைத் திறந்தாள்.

முகம் இருந்தது.

நெற்றி. மூக்கு. கொஞ்சம் கோணிய கீழுதடு. சாம்பல் நிறத்தில், குளவிக் கூட்டின் காகிதம்போல் மெல்லிய தோலில், வரி வரியாக. மூடிய இமைகள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. ஆமாம், இடதுதான். எப்படி மறந்தோம்? ஒரு குளவி தழும்பின் ஓரத்தில் உட்கார்ந்து, வாயால் இழைத்து இழைத்து, விட்டுப்போன ஒரு துளியைச் சரிசெய்துகொண்டிருந்தது.

அவள் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். விரல்பட்ட இடம் காய்ந்த இலைபோல் சரசரத்தது. உள்ளேயிருந்து குளவிகள் வந்து அவள் விரல்களில் ஏறின, மணிக்கட்டில் ஏறின. ஒன்றும் கொட்டவில்லை. ஒன்று கழுத்தைக் கடந்து அவள் முகத்துக்கு வந்தது. கண்ணிலிருந்து மூக்குக்கு. மூக்கிலிருந்து உதட்டுக்கு. மெதுவாக.

விஜயலெட்சுமி அசையவில்லை. அழுதுகொண்டிருந்தாள். கண்ணீரைக் குளவி குடித்தது.

அப்போதுதான் மறுபடியும் கேட்டது. நெஞ்சில் அல்ல. கீழே, வயிற்றுத் தகரத்தில், புத்தகப் பை தைத்திருந்த இடத்தில். சின்னக் கையின் தட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பசியின் அவசரத்தோடு.

தட்டு. தட்டு.

தட்டு.

"வந்துட்டேம்மா," என்றாள் விஜயலெட்சுமி. விளக்கைத் தரையில் வைத்து, முழங்காலிட்டு, வயிற்றுத் தகரத்தின் திருகில் திருப்புளியைப் பொருத்தினாள்.

மேலே, அந்தக் காகித முகம் சரசரவென்று குனிந்து, இமைகளைத் திறந்து அவளைப் பார்த்தது. இமைகளுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் நெளிந்துகொண்டிருந்தது.