கத்திரிப்பூச் சேலை

"ஏட்டி ஏசம்மா, ஒன் கத்திரிப்பூச் சேலை எங்கட்டி?"

கொடிக்கயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டு இருதயம் கேட்டாள். அப்போதுதான் விடிந்திருந்தது. மலைப்பக்கமிருந்து அடித்த தை மாதக் காற்றில் கொடித்துணிகள் விறைத்துப்போய் ஆடின. ஏசம்மாள் அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். அவள் கட்டியிருந்த சேலை பாதி ஈரமாக இருந்தது.

"பெட்டிக்குள்ள கெடக்கு மதினி."

"பெட்டியத் தொறந்து பாத்துட்டுத்தான் கேக்கேன்."

ஏசம்மாள் ஊதுவதை நிறுத்தினாள்.

இருதயம் ஏசம்மாளின் புருசன் சூசைக்கு அக்காள். தாயில்லாத தம்பிகள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவள். புருசன் செத்தபிறகு தம்பிகளோடு வந்து இருந்துகொண்டாள். அந்த வீட்டில் உலையில் எத்தனை படி அரிசி விழும் என்பதிலிருந்து யார் எந்தப் பாயில் படுப்பது என்பதுவரை அவள் சொல்தான். சின்னத்தம்பி அருளப்பன் மில்லில் வேலை பார்த்தான். அவன் பெண்சாதி ரோசம்மாளுக்குப் பத்தொன்பது வயது. அவள் பெற்ற பிள்ளைக்கு அன்றோடு நாற்பது நாள்.

எட்டாம் மாதம் முடியுமுன்னே பிறந்த பிள்ளை அது. இரண்டு கைக்குள் அடங்கிப்போனது. பிறந்த மூன்றாம் நாள் உடம்பு சில்லிட்டுப்போய், பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஏசம்மாள்தான். யுத்தகாலம், பெட்ரோல் கிடையாது. கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்றுபோனது. ஆம்பளைகள் இறங்கித் தள்ளினார்கள். அவள் ரவிக்கையைத் தளர்த்திப் பிள்ளையை மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, அது மூச்சு விடுகிறதா என்று விரலை மூக்கில் வைத்துப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பும்போது நர்சம்மா அவளைத்தான் உட்காரவைத்துச் சொன்னாள்.

"தொட்டில்ல மட்டும் போட்டுராதே. இதுக்குத் தலை நிக்கலை. சுருண்டு கிடந்தா தாடை நெஞ்சுல முட்டி மூச்சு அடங்கிரும், சத்தமே வராது. தட்டையான பாயில மல்லாக்கப் போடு. மேல போர்வை போடாதே, மூஞ்சிக்கு ஏறிரும். ஒரு பை மாதிரி தச்சுக்கோ. கை ரெண்டும் வெளியே இருக்கணும். கழுத்துல கயிறு வேண்டாம், கக்கத்துக்குக் கீழே முடிச்சுப் போடு. கால் உதைக்க அடியில அகலமா விடு. துணி நல்லாப் பழசா இருக்கணும்."

பழைய துணிக்கு எங்கே போவது. துணிக்குக் கண்ட்ரோல் வந்து ஒரு வருசமாகியிருந்தது. அருளப்பன் யாரிடமோ கேட்டு ஒரு கம்பளித்துண்டு கொண்டுவந்தான். அது குத்திக் குத்திப் பிள்ளையின் முதுகு சிவந்துபோனது. சூசை கண்ட்ரோல் கடையில் அரைநாள் நின்று ஒரு துண்டுத் துணி வாங்கிவந்தான். கஞ்சி ஏறி உப்புத்தாள் மாதிரி இருந்தது. வீட்டில் நைந்து மெதுவாய்ப்போன துணி என்றால் இரண்டுதான். ஒன்று ஏசம்மாளின் கத்திரிப்பூச் சேலை. மற்றது இருதயத்தின் மஞ்சள் சேலை.

"என் நாலும் இதுல படுத்து வளந்ததுதான். நாலும் உசிரோட நாலு ஊர்ல பொழைக்குது. இதுலயே தொட்டில் கட்டு" என்றாள் இருதயம்.

"தொட்டில் ஆகாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்கு மதினி. என் சேலைல பை தச்சிருதேன்."

இருதயம் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னதுதான் ஏசம்மாளுக்கு உறைத்தது.

"நீ மூணைக் குழிக்குள்ள வச்சவ. ஒன் மேல் பட்ட துணி இந்தப் புள்ளை மேல படவேண்டாம்."

ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்குத் துணி கொடுக்க வருகிறவளிடம், எத்தனை பெற்றாய் என்று கேட்கமாட்டார்கள், எத்தனை தங்கியது என்றுதான் கேட்பார்கள்.

ஏசம்மாள் இருதயம் வீட்டில் இல்லாத நேரம் பார்த்தாள். கத்திரிப்பூச் சேலையை உவர்மண் போட்டு அவித்தாள். கரையை அறுத்தெறிந்தாள். மூன்று தடவை அவித்ததில் சாயம் போய் வெளுத்துப்போனது. தன் தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டு, கையால் பிய்த்துப் பன்னி, இரண்டு துணிக்கு நடுவில் மெல்லிசாகப் பரப்பினாள். அவள் பருத்தி ஆலையில் செத்தை பொறுக்குகிறவள். ஒரு தூசி இல்லாமல் பார்க்கத் தெரியும். மத்தியானச் சோற்று நேரத்தில் ஆலைச் சுவரோரம் உட்கார்ந்து தைத்தாள். பிள்ளைத் தோலில் உரசாமல் இருக்கத் தையலை வெளிப்பக்கம் விட்டாள். ஒன்று நனைந்தால் மாற்றுவதற்கு என்று இரண்டு பைகள். மிச்சத்தைக் கிழித்து மூத்திரத்துணி. முழுச் சேலையில் ஒரு விரல் மிச்சமில்லை.

"செல்லத்தாய் பழந்துணி குடுத்தா" என்று வீட்டில் சொன்னாள்.

செல்லத்தாய் அடுத்த வீட்டுக்காரி. ஏழு பெற்று ஏழும் இருந்தது. இருதயம் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ராசியான கை" என்றாள்.

அன்றிலிருந்து பிள்ளை பையில்தான் தூங்கியது. கையிரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு, ஏதோ பாரத்தை இறக்கிவைத்தவன் மாதிரி. ஒரு மாதத்தில் கன்னம் வைத்தது. ஏசம்மாள் மட்டும் ஒற்றைச் சேலையை ஒரு பாதி துவைத்து, மறுபாதியைச் சுற்றிக்கொண்டு நின்றே காயவைத்தாள். தலைக்குக் கையை வைத்துப் படுத்தாள்.

நேற்றுக் கிணற்றடியில் இருதயம் செல்லத்தாயைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாள். அதற்கு அவள், "நானா? நானே சாக்கைக் கட்டிக்கிட்டுத் திரியாத குறை. ஏழு பெத்தவளுக்குச் சேலை மிச்சமாகுதாக்கும்" என்று சிரித்திருக்கிறாள்.

"அப்ப அந்தப் பை ஒன் சேலைதான்" என்றாள் இருதயம்.

"ஆமா மதினி."

சூசை வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றவன் திரும்பினான். "எதுக்குட்டி பொய் சொன்ன?"

"நெசத்தைச் சொன்னா போட விட்டிருப்பியளா?"

அவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான். அருளப்பன் மில்லுக்குக் கிளம்பி அரைமணி ஆகியிருந்தது. இருதயம் உள்ளே போனாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பையிலிருந்து உருவி எடுத்தாள். அது வீறிட்டு அழுதது. பையிரண்டையும் வெளியே கொண்டுவந்து விறகுக்கட்டின் மேல் எறிந்தாள்.

"மதினி, பை வேண்டாம்னா வேண்டாம். பாயில மட்டும் போடுங்க. தொட்டில் கட்டாதிய. கழுத்து மடங்கிரும்."

"நாலு பெத்து வளத்தவளுக்கு நீ சொல்லிக் குடுக்கியாக்கும்?"

"நான் சொல்லல. நர்சம்மா சொன்னா."

"அவ பெத்தவளா?"

ஏசம்மாள் ரோசம்மாளைப் பார்த்தாள். "ஏட்டி, நீயாவது சொல்லு. நீ பெத்தவ."

ரோசம்மாள் இருதயத்தின் முகத்தைப் பார்த்தாள். பத்து வயதிலிருந்து பெரியவர்கள் சொல்வதற்குத் தலையாட்டியே பழகியவள். உத்திரத்தில் கயிறு போட்டு மஞ்சள் சேலையை இருதயம் இழுத்துக் கட்டும்போது, அவள் பிள்ளையை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"நீ இனிமே இந்தப் புள்ளையத் தொடாத" என்றாள் இருதயம், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "ஒங்கூட எனக்கு வேற பகை இல்ல. இதாவது தங்கட்டும்."

ஆலைச் சங்கு ஊதியது. ஒருநாள் போகாவிட்டால் வேறொருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஏசம்மாள் ஈரச்சேலையோடு நடந்தாள். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

செல்லத்தாய்தான் ஆலைக்கு வந்தாள். உச்சிப் பொழுது. கேட்டுக்கு வெளியே தலைவிரிகோலமாக நின்றாள். ஏசம்மாளைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பாவி... கிணத்தடியில சும்மா சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன் ஏசம்மா..."

ஏசம்மாள் மடியிலிருந்த பருத்தியைத் தட்டிவிட்டு நடந்தாள்.

பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தொட்டில் இன்னும் உத்திரத்தில் தொங்கியது. காற்றுப் படாமல் இருக்க அதன் வாயை ஒரு துண்டால் மூடியிருந்திருக்கிறார்கள். அந்தத் துண்டு கீழே கிடந்தது. ஏசம்மாள் குனிந்து பார்த்தாள். தாடை நெஞ்சோடு ஒட்டிய இடத்தில் தோல் மடிந்த கோடு இன்னும் இருந்தது. உதடு நீலம்.

"பால் குடுத்துத்தான் போட்டேன் அக்கா" என்றாள் ரோசம்மாள். அழவில்லை. யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிறவள் மாதிரிச் சொன்னாள். "சோறு வடிச்சேன். சத்தமே இல்ல. நல்லாத் தூங்குதான்னு நெனச்சேன். மதினியும் எழுப்பாத, தூங்கட்டும்னாவ..."

அருளப்பன் மில் உடுப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சூசை பின்கட்டில் பலகையை அறுத்துக்கொண்டிருந்தான். அவன் அடிக்கிற நாலாவது பெட்டி அது. அளவு பார்க்க அவன் உள்ளே வரவில்லை. அவன் கைக்குத் தெரியும்.

மாதாகோவில் உபதேசியார் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். தெருச்சனம் கூடிவிட்டது. இருதயம் எழுந்து தொட்டில் கயிற்றை அறுத்தாள். மஞ்சள் சேலையைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்ற எடுத்துவந்தாள். ஏசம்மாளைக் கண்டதும் அவள் முகம் கோணியது.

"பாத்தியாட்டி... இம்புட்டு நாள் ஒன் சேலைல கெடந்துச்சே, பாத்தியா. நான் காலைலதான் கழட்டினேன். அதுக்குள்ள நேரம் முடிஞ்சிருந்துச்சு."

கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. ஏசம்மாளுக்கு இது நாலாவது தடவை. சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். பிள்ளையைத் தொடாதே என்று சொன்னது அப்போதும் அவள் காதில் இருந்தது.

"மதினி" என்றாள் ரோசம்மாள்.

அவ்வளவு கூட்டத்தில் அந்தப் பெண் குரல் எடுத்து யாரும் கேட்டதில்லை.

"அக்கா புள்ளைக மூணும் எந்தச் சேலைல படுத்துச்சு?"

இருதயம் அவளைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மதினி. இந்த மஞ்சச் சேலைலதான? நீங்கதான கட்டுனிய? நான் வாக்கப்பட்டு வந்த வருசம் கடைசிப் புள்ளை. நான் பாத்தேன். இதே உத்திரம்."

பின்கட்டில் ரம்பம் நின்றது. இருதயம் கையிலிருந்த சேலைத்துண்டைப் பார்த்தாள். முதல் தடவையாக அதைப் பார்க்கிறவள் மாதிரி விரித்துப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"நான் நல்லதுக்குத்தானடி..." என்று ஆரம்பித்தாள்.

ரோசம்மாள் எழுந்து வெளியே போனாள். விறகுக்கட்டின் மேல் கிடந்த பையிரண்டையும் எடுத்து, ஒட்டியிருந்த பட்டையை உதறி, ஏசம்மாளின் கையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க அக்கா. எனக்கு அந்த முடிச்சு வராது."

ஏசம்மாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைப் பைக்குள் விட்டாள். கையிரண்டையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கக்கத்துக்குக் கீழே முடிச்சைப் போட்டாள், பழக்கத்தில் இறுக்கம் பார்க்க இரண்டு விரலை நுழைத்தாள். அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். ரோசம்மாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"காலைல நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் அக்கா. ஒரு வார்த்தை."

இல்லை என்று சொல்ல ஏசம்மாளால் முடியவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கொஞ்சம் பொறுத்து அவள் இரண்டாவது பையையும் சவப்பெட்டிக்குள் வைக்க எடுத்தாள். செத்த பிள்ளையின் துணியை வீட்டில் வைப்பதில்லை. அவள் மூன்று தடவையும் ஒரு நூல் மிச்சமில்லாமல் கூடவே வைத்துப் புதைத்தவள். ரோசம்மாள் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத வைங்க."

"எதுக்குட்டி?"

"இருக்கட்டும். பொறவு வேணும்."

உபதேசியார் ஜெபப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வந்தவர் குனிந்துகொண்டார்.

சாயந்திரம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஏசம்மாள் அந்தப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

விடிந்து அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது இருதயம் கொடிக்குக் கீழே நின்றாள். ஏசம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். அவள் பையில் கைவைத்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்று வந்தாள். இருதயம் தன் வெள்ளைச் சேலையை ஓரமாக ஒதுக்கினாள். கயிற்றில் வெயில் படுகிற இடம் பார்த்துப் பையை நகர்த்தினாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"உள்பக்கம் இன்னும் காயலட்டி" என்றாள், திரும்பாமலே. "திருப்பிப் போடு."