உப்புக்கு முதல் ஒரு பிளா

நாரந்தனையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அன்ரனிதாஸ் மாமாவின் கூழ்தான். பூசை முடிந்ததும் அவருடைய வளவில் பானை ஏறிவிடும். நண்டு, இறால், பயற்றங்காய், ஒடியல் மா எல்லாம் அதற்குள் கும்மாளமடிக்கும். அயலட்டை முழுவதும் பனையோலையைக் கிண்ணம்போலப் பிளாவாக மடித்துக்கொண்டு சுற்றி உட்காரும்.

இன்று கம்சாயினியின் அப்பா றொபின்சன் மட்டும் போகவில்லை. கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தார். கூழ் வாசமோ வேலி தாண்டி வந்துகொண்டிருந்தது.

"அப்பா, அது போன மாதத்துப் பேப்பர்."

"மறந்துபோச்சு. அதுதான் திருப்பி வாசிக்கிறன்."

கம்சாயினிக்குக் காரணம் தெரியும். கிளினிக்குக்கு அவளும் போயிருந்தாள். அப்பாவின் சிறுநீரகங்கள் களைத்துப்போய்விட்டனவாம்.

"சிறுநீரகமும் இதயமும் கூட்டாளிகள். ஒண்டு களைச்சால் மற்றதுக்கும் பாரம்," என்றார் டொக்டர். "குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. உப்பைக் குறையுங்கோ. ரெண்டையும் கனகாலம் காப்பாத்தலாம்."

"கூழ்?" என்று அப்பா உடனே கேட்டார்.

டொக்டர் சிரித்துவிட்டார். "ஒரு பிளா குடிக்கலாம். உப்புத்தான் கூடாது."

மாமாவோ உப்பை அள்ளித்தான் போடுவார். அதுதான் இன்று அப்பா கதிரையை விட்டு எழவில்லை.

"மாமாவிட்டச் சொல்லுவமே, அப்பா?"

"வேண்டாம் பிள்ளை. பிறகு எல்லாரும் என்னை வருத்தக்காரன் எண்டுதான் பாப்பினம். நீ போய்க் குடி."

"சரி, சொல்லமாட்டன்."

மாமாவின் வளவிலும் ஒரு முகம் வாடியிருந்தது. "றொபின்சன் என்னோட கோபமோ?" என்று கேட்டபடி மாமா பானையைக் கிண்டினார். கம்சாயினிக்கு இரண்டு பேரையும் நினைக்கப் பாவமாக இருந்தது.

எல்லாம் அவிந்த பிறகுதான் மாமா உப்புச் சிரட்டையைத் தூக்கினார்.

"மாமா, பொறுங்கோ! உப்புப் போட முதல் ஒரு பிளா தாங்கோ."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு நீ கேள்விப்படேல்லையோ? ஆருக்கு?"

"சொல்ல ஏலாது. வாக்குக் குடுத்திட்டன்."

மாமா அவளைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். ஒரு பிளா நிறைய வார்த்தார்.

உடனே அவருடைய மனைவி ஜெயந்தா மாமியும் பிளாவை நீட்டினார். "எனக்கும் பிரஷர். உங்கட உப்பைக் குறை சொல்லப் பயந்து இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான்."

"எனக்கும்தான்," என்று மூலையிலிருந்த மனுவேல் அண்ணையும் எழுந்தார்.

"அட, இதை முதலே சொல்லியிருக்கலாமே!" மாமா சிரட்டையைக் கீழே வைத்தார். "இனி ஆருக்கு உப்பு வேணுமோ, அவை போட்டுக்கொள்ளட்டும்."

பிறகு வேலிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "றொபின்சன்! உப்புப் போடேல்லை, வாரும்! பிந்தினால் நண்டு மிஞ்சாது!"

அப்பா வந்த வேகத்தில் பேப்பரும் கையோடு வந்துவிட்டது. கம்சாயினி பிளாவை நீட்டித் தேசிக்காய் பிழிந்துவிட்டாள். அப்பா கண்ணை மூடி உறிஞ்சினார். எல்லாரும் அவருடைய வாயையே பார்த்தார்கள்.

"எப்பிடி?" என்றார் மாமா.

"எல்லாம் நல்லாயிருக்கு," என்றார் அப்பா. "உப்புத்தான் கொஞ்சம் காணாது!"